முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும்

அத்தியாயம் 4

மேலூர் வாழைத்தோட்டத்தைத் தேடிப் போன ஜெபராஜ் வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். செல்போனில்தான்.

"மேடம், இடம் கிடைச்சிடுச்சு. சுத்தி ஒரே ஐஸ். வாழை எதுவும் கண்ணுல படல. துருவக்கரடி தார் வெட்டிட்டுப் போயிடுச்சு போல."

துப்பறியும் அமலராணி நிமிரவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு பாத்திரக்கடை மாடியில் அவள் ஆபீஸ். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்துக்கொண்டிருந்தாள். 'என் கடை எரிஞ்சு போச்சு' என்று எரியாத கடைக்காரர்கள் எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்துப் பார்த்து, முகத்தில் எதுவும் அசையாத வரம் வாங்கியிருந்தாள். ஜெபராஜ் அவளுடைய உதவியாளன். திருவெறும்பூர்க்காரன். வாய்க்குச் சம்பளம் கொடுத்தால் அவன்தான் முதலாளி.

இப்போது இருவரும் உட்கார்ந்திருந்தது ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், மதுசூதன் வீட்டுக் கூடத்தில்.

மதுசூதனுக்கு இருபத்துநாலு வயது. ஒரு தனியார் சர்வே கம்பெனியில் ஃபீல்டு ஆள். கையில் ஒரு ஹேண்ட்செட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். நடந்த பாதை மேப் ஆகிவிடும். சுலபமான வேலை. அதில்தான் மாட்டிக்கொண்டான்.

மேலூரில் தங்கையன், அவர் தங்கை வீரம்மாள் இருவருக்கும் பொதுவாக ஒரு வாழைத்தோட்டம். மதுசூதன் கொடுத்த மேப்பில் கிழக்கு ஓரத்துத் தென்னை வரிசை விட்டுப்போயிருந்தது. வெறும் தென்னை என்றால் பரவாயில்லை. தோட்டத்திலிருந்து ரோட்டுக்குப் போகும் வண்டிப்பாதை அதில்தான் இருக்கிறது. விட்டுப்போன அந்தத் துண்டு, வடக்கே இருக்கும் நல்லதம்பி என்பவரின் மேப்பில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

'நல்லதம்பிகிட்ட கைநீட்டி வாங்கிட்டான்' என்றாள் வீரம்மாள். இன்று சாயங்காலத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறாள். புகார் பதிவானால் வேலை போகும், வெளிநாட்டுக்குப் போட்டு வைத்திருக்கும் பாஸ்போர்ட் போகும், உத்திர வீதியில் தலைநிமிர்ந்து நடப்பது போகும். அதனால் மதுவின் அம்மா அரவிந்தவல்லி அமலராணியைக் கூப்பிட்டிருந்தாள்.

"நம்பரை மாத்திப் போட்டுட்டேள் சார்," என்றான் மதுசூதன், ஜெபராஜின் செல்போனை எட்டிப் பார்த்து. "உங்க போன் வடக்கை முதல்ல கேக்கும், கிழக்கை அப்புறம் கேக்கும். எங்க ஃபைல்ல கிழக்கு முதல்ல, வடக்கு அப்புறம்."

"யாருப்பா இப்படி எழுதினது?"

"உலகம் பூரா அப்படித்தான் சார். மேப் எழுதற கே.எம்.எல். ஃபைல்னா அதான் வரிசை."

"மூணாவதா ஒரு நம்பர் இருக்கே. அது உன் செருப்பு சைஸா?"

"உயரம் சார். கடல் மட்டத்துலேர்ந்து."

அமலராணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மேப்புன்னு சொன்னீங்க. இங்க படமே இல்லையே. வெறும் எழுத்தா இருக்கு."

மதுசூதனின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக வெளிச்சம் வந்தது. தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள்.

"படமே கிடையாது மேடம். இது வெறும் எழுத்துதான். இதைப் படிச்சுட்டு படம் வரையறது கம்ப்யூட்டர் வேலை. பாருங்கோ, ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். நம்ம கோயில் மாதிரி. அடையவளஞ்சான் வீதிக்குள்ள சித்திரை வீதி, சித்திரை வீதிக்குள்ள உத்திர வீதி, அப்படியே உள்ள போயிண்டே இருக்கோமோல்லியோ? இங்கயும் அப்படித்தான். முதல்ல டாக்குமென்ட்னு ஒரு வாசல். அதுக்குள்ள பிளேஸ்மார்க். அதுக்குள்ள பேரு, தேதி, அப்புறம் பாலிகன். பாலிகனுக்குள்ள வெளி எல்லை. அதுக்குள்ள ரிங். ரிங்குக்குள்ள கோஆர்டினேட்ஸ். அதான் கருவறை."

"உள்ள போனா வெளிய வரணுமே," என்றான் ஜெபராஜ்.

"வரணும். எந்த வாசல்ல எல்லாம் நுழைஞ்சோமோ அத்தனை வாசலையும் கடைசிலேர்ந்து முதல் வரைக்கும் திரும்பத் தாண்டி மூடிண்டே வரணும். ஒண்ணை விட்டாலும் ஃபைல் திறக்காது."

"கருவறையில என்ன இருக்கு?" என்றாள் அமலராணி.

"புள்ளிகள். நாங்க நடக்க நடக்க ஹேண்ட்செட் சில செகண்டுக்கு ஒரு புள்ளி எழுதிண்டே வரும், நடந்த வரிசைலயே. முதல் புள்ளி எதுவோ அதுவே கடைசியிலயும் வரணும். வந்தாத்தான் எல்லை மூடும். இல்லேன்னா அது தோட்டம் இல்ல, வெறும் கோடு."

"மேல மதுசூதன்னு இருக்கே. அது நடந்தவங்க பேரா?"

"லாகின் பண்ணினவா பேரு. தானா விழும்."

"அப்ப நடந்தவங்க பேர் எங்க இருக்கும்?"

மதுசூதன் கீபோர்டைப் பார்த்தான். "அதுக்குத் தனியா இடம் கிடையாது மேடம். கடைசில ஒரு கட்டம் வரும், 'நானே நடந்தேன்'னு. அதுல டிக் போட்டாத்தான் சேவ் ஆகும். நான்தான் நடந்தேன்."

கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

லேப்டாப் சார்ஜ் இறங்கிக் கத்தியது. சார்ஜர் முற்றத்துக்கு அந்தப் பக்கம், துளசி மாடத்துக்கு இடது கைப்பக்கத்து ஆணியில் தொங்கியது. எட்டிப் போனால் இரண்டு எட்டு. மதுசூதன் எழுந்து, துளசி மாடம் தன் வலது கைப்பக்கம் வருகிற மாதிரி போய் சார்ஜரை எடுத்தான். எடுத்த பிறகு, போன வழியிலேயே திரும்பி வராமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மிச்ச சுற்றையும் முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"என்னப்பா, ஒன் வேயா?" என்றான் ஜெபராஜ்.

"என்னது சார்?" மதுசூதனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அரவிந்தவல்லி டபரா டம்ளருடன் வந்தாள். "காபி எடுத்துக்கோங்கோ. இவன் கைநீட்டி வாங்கினான்னு சொல்றாளே, அந்தப் பெருமாளுக்கே அடுக்காது. அன்னிக்கு ஏகாதசி. பச்சைத் தண்ணி பல்லுல படாம அந்த வெயில்ல போய் வேலை பார்த்துட்டு வந்தான். வந்ததும் இந்தத் தூண்ல சாஞ்சவன் எழுந்திருக்கவே இல்லை. விரதம் இருக்கறவன் திருடுவானா, சொல்லுங்கோ."

"அம்மா," என்றான் மதுசூதன். "போறும்."

"ஏகாதசி," என்றாள் அமலராணி, காபியைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவனிடம் பழைய ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டாள். "கூப்பிட்டா ஹேண்ட்செட்டோட மேலூருக்கு வாங்க."

*

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு டீக்கடை. ஜெபராஜ் இரண்டு வடையைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைத் தட்டில் வைத்தான்.

"மேடம், கேஸ் முடிஞ்சது. நல்லதம்பிதான். கம்பெனில யாரையோ பிடிச்சு ஃபைலை மாத்திட்டாரு. எனக்கு மீதி நாள் லீவ் வேணும்."

"அந்த வடை தங்கையன் தோட்டம்," என்றாள் அமலராணி.

"சாப்பிடக் கூடாதா?"

"நாலு பக்கமும் நாலு டம்ளர் வை. நான் நம்பர் படிக்கறேன். முதல் நம்பர் ஏறினா கிழக்கே போ. ரெண்டாவது நம்பர் ஏறினா வடக்கே போ. விரலை நகர்த்திட்டே வா."

ஜெபராஜ் விரலை வடையின் தென்மேற்கு மூலையில் வைத்தான். அமலராணி லேப்டாப்பைப் பார்த்துப் படித்தாள். முதல் நம்பர் ஏறிக்கொண்டே போனது. விரல் கிழக்கே போனது. பிறகு இரண்டாவது நம்பர் ஏறியது. விரல் வடக்கே திரும்பியது. பிறகு முதல் நம்பர் இறங்கியது. மேற்கு. பிறகு இரண்டாவது இறங்கியது. தெற்கு. விரல் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"சுத்திட்டேன். இப்ப சாப்பிடலாமா?"

"எந்தப் பக்கமா சுத்தின?"

ஜெபராஜ் மறுபடி காற்றில் விரலைச் சுற்றிப் பார்த்தான். "இடப்பக்கமா."

அமலராணி பென் டிரைவில் இருந்த இன்னொரு ஃபைலைத் திறந்தாள். ஏதோ ஒரு தென்னந்தோப்பு. விரல் வலப்பக்கமாகச் சுற்றியது. இன்னொன்று, கொய்யாத் தோட்டம். வலப்பக்கம். அதற்கடுத்த வயல், அதற்கடுத்த காலி மனை, எல்லாம் வலப்பக்கம். ஒரு ஃபைலில் நடுவில் வாய்க்கால் குறுக்கிட்டிருந்தது. இடது பக்கம் போனால் பாலம் இருந்தது. இந்த ஆள் பாலத்தை விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி வலப்பக்கமாகவே போயிருந்தான்.

டீக்கடைக்காரர் வடையை ஒருவன் விரலால் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வேற வடை சூடா இருக்கு," என்றார்.

"படத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் அமலராணி. "எந்தப் பக்கமா நடந்தாலும் தோட்டம் தோட்டம்தான். அதனால யாரும் பார்க்கல. ஃபைல்ல மட்டும்தான் நடந்த வரிசை இருக்கு. அந்தப் பையன் துளசி மாடத்தைச் சுத்தினதைப் பார்த்தல்ல?"

ஜெபராஜ் வடையிலிருந்து விரலை எடுத்தான்.

"பிறந்ததுல இருந்து பிரதட்சிணம் பண்ணிப் பண்ணி கால் அப்படியே பழகிடுச்சு. அவனுக்கே தெரியல. அப்ப மேலூர் தோட்டத்தை நடந்தது அவன் இல்ல. நான் சொன்னதுதான் மேடம். கம்பெனில உட்கார்ந்துக்கிட்டு யாரோ மவுஸ்ல வரைஞ்சிருக்கான்."

"மவுஸ்ல வரைஞ்சா மூலைக்கு ஒரு புள்ளி இருக்கும். இதுல எறும்பு வரிசை மாதிரி புள்ளி. உயரத்தைப் பாரு. ஏறுது, இறங்குது. வரப்பு மேல ஏறி இறங்கின கால் இது. யாரோ நிஜமாவே நடந்திருக்காங்க." அவள் படத்தைப் பெரிதாக்கினாள். "இங்க பாரு. தெற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் நாலு இடத்துல புள்ளி கொசு மாதிரி மொய்க்குது. அந்த இடத்துல எல்லாம் நின்னிருக்காங்க. மத்த ரெண்டு பக்கமும் நிக்கவே இல்ல."

"ஒண்ணுக்குப் போயிருப்பாங்க."

"நாலு தடவையா?"

"சுகர் இருந்தா போகும் மேடம். எங்க பெரியப்பா ஒரு சினிமாவுக்கு ஆறு தடவை எழுந்திருப்பாரு."

அமலராணி அதற்கு மரியாதையாகக் கொஞ்சம் யோசித்துப் பார்த்த மாதிரி இருந்தது. "முதல் புள்ளி எங்க இருக்கு?"

ஜெபராஜ் இந்தத் தடவை நம்பரைச் சரியாகப் போட்டான். ஐஸ் இல்லை. வாழை இருந்தது. தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு சின்ன ஓட்டுக்கூரை.

"மோட்டார் ரூம் மாதிரி இருக்கு."

"தோட்டம் அளக்க வர்றவன் எங்க ஆரம்பிப்பான்?"

"ரோட்டோரம். வண்டியை நிறுத்தின இடத்துல." அவன் கடைசியில் வடையைக் கடித்தான். "தோட்டத்து மோட்டார் ரூம்ல இருந்து யாரு மேடம் கிளம்புவாங்க?"

"போய் பார்ப்போம்," என்றாள் அமலராணி. "வடைக்குக் காசு குடு."

*

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கிழக்கே பார்த்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. தங்கையன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு சீப்பு பூவன் பழத்துடன் வரவேற்றார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார்.

"சாப்பிடுங்கம்மா. தம்பி, நீங்களும். தை பிறந்ததும் பொண்ணுக்குக் கல்யாணம், அவசியம் வந்துடணும். தூரத்துல எல்லாம் இல்ல, பக்கத்துத் தோட்டம்தான். நல்லதம்பி மகன்."

"சம்பந்தியாகப் போறவங்க பாதையவே புடுங்கப் பாக்குறாரு அந்த ஆளு," என்றாள் வீரம்மாள், கயிற்றுக் கட்டிலில் இருந்து எழாமல். ஐம்பது வயது இருக்கும். மடியில் புகார் மனு ஒரு பிளாஸ்டிக் கவரில் தயாராக இருந்தது. "எங்க அண்ணன் வாயில்லாப் பூச்சி. பொண்ணைக் குடுக்கிற இடமாச்சே, பெரிசு பண்ணாதன்னு என்னைத்தான் அடக்குறாரு. நான் அடங்க மாட்டேன். அந்தப் பாதை போச்சுன்னா என் பங்குத் தாரை நான் எவன் வரப்பு மேல தூக்கிட்டுப் போறது? நல்லதம்பியை விடுங்க, அந்தப் பூணூல் போட்ட பையன் உள்ள போகணும்."

"போகட்டும்," என்றாள் அமலராணி. "அதுக்கு முன்னாடி எல்லை எதுன்னு நான் ஒரு தடவை பார்க்கணும். அண்ணே, நீங்க முன்னாடி நடங்க."

தங்கையன் தயங்கவே இல்லை. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். வாய்க்கால் கரையில் கிழக்கே நடந்தார். தண்ணீர் அவருடனேயே வந்தது.

ஜெபராஜ் செல்போனில் அந்தப் புள்ளிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் போனான். ஒரு நீலப் பொட்டு அவன் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு நகர்ந்தது.

கொஞ்ச தூரத்தில் வரப்பில் ஒரு வெட்டு, மடை. தண்ணீர் அது வழியாகப் பாத்திக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. தங்கையன் பேச்சை நிறுத்தாமலேயே நின்றார். மண்வெட்டியால் இரண்டு கட்டி மண்ணை இழுத்து அடைத்தார். காலால் மிதித்தார். "இந்தப் பாத்தி குடிச்சிடுச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஜெபராஜ் செல்போனைப் பார்த்தான். நீலப் பொட்டு முதல் கொசுக்கூட்டத்தின் நடுவில் நின்றது.

இரண்டாவது வெட்டு. அவர் நின்றார். இரண்டாவது கூட்டம். மூன்றாவதில் அவர் குனியவே வேண்டியதில்லை, ஏற்கெனவே அடைத்திருந்தது. ஆனாலும் நின்று, காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். மூன்றாவது கூட்டம்.

ஜெபராஜுக்குச் சொல்ல நல்ல ஜோக் ஒன்று இருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

தென்னை வரிசை வந்தது. வாய்க்கால் அங்கே வடக்கே திரும்பியது, தென்னைக்கு உள்பக்கமாக. திரும்பின கையோடு நாலாவது வெட்டு. தங்கையன் அதையும் பார்த்துக்கொண்டார். பிறகு வாய்க்காலை விட்டு விலகி, தென்னைகளைத் தாண்டி, ரோட்டோரக் கல் வரைக்கும் போய் நின்றார்.

"இதோ பாருங்கம்மா, இதுவரைக்கும் நம்ம இடம். எங்க அப்பன் நட்ட கல்லு. அந்தப் பையன் இவ்வளவு தூரம் வராம உள்ளயே திரும்பிட்டான். பாவம், டவுன் புள்ள, என்ன தெரியும்."

பாதை வழியாக ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மதுசூதன், கையில் ஹேண்ட்செட்டுடன். அமலராணி வரச்சொல்லியிருந்தாள். அவனைப் பார்த்ததும் வீரம்மாள் புகார் மனுவோடு எழுந்து வந்தாள்.

"மது," என்றாள் அமலராணி. "இங்க மடை எதுன்னு காட்டுங்க."

"மடையா?"

"மடை."

மதுசூதன் சுற்றிலும் பார்த்தான். வாழையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். கடைசியில் தூரத்தில் இருந்த மோட்டார் ரூமைக் காட்டி, "அந்தப் பைப்பா மேடம்?" என்றான்.

வீரம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுகூடத் தெரியாதா இவனுக்கு?"

"தெரியலம்மா. ஆனா இந்தத் தோட்டத்தை அன்னிக்குச் சுத்தினவங்களுக்கு ஒவ்வொரு மடையும் தெரிஞ்சிருக்கு. மோட்டார் ரூம்ல கிளம்பி, தண்ணி போற பக்கமாவே நடந்து, நாலு மடைலயும் நின்னு பார்த்துட்டுத்தான் போயிருக்காங்க. ஜெபா, காட்டு."

ஜெபராஜ் செல்போனை நீட்டினான். வீரம்மாள் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு வாய்க்காலைப் பார்த்தாள். படத்தில் மொய்த்த இடத்தை எல்லாம் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, தோட்டத்தில் அதே இடத்தைக் கண்ணால் தேடினாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தத் தம்பி வழி தெரியாம நடந்திருந்தா, தெரியாம செஞ்ச தப்புன்னு சொல்லலாம்," என்றாள் அமலராணி. "மடை தெரிஞ்சவங்களுக்கு எல்லைக் கல்லும் தெரியும். தெரிஞ்சே உள்ள திரும்பியிருக்காங்க." அவள் மதுசூதன் பக்கம் திரும்பினாள். "ஏகாதசி அன்னிக்கு யாருங்க நடந்தது?"

மதுசூதன் தென்னை நிழலைப் பார்த்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரியது போகும். ஹேண்ட்செட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"என்னால முடியல மேடம்," என்றான் மெதுவாக. "தலை சுத்திடுத்து. அந்தத் தென்னை நிழல்ல உக்காந்துட்டேன். இவர்தான் தண்ணி குடுத்தார், நான் வேண்டாம்னேன். 'நீ உக்காரு தம்பி, பட்டனை மட்டும் அமுக்கிக் குடு, நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்'னார். ஹேண்ட்செட்டை அடுத்தவா கைல குடுக்கவே கூடாது. குடுத்துட்டேன். அப்புறம் 'நானே நடந்தேன்'னு டிக் போட்டேன்."

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றான் ஜெபராஜ். "நாங்க ஒரு வடையை வச்சு ஊரெல்லாம் சுத்தினோம்."

"என் தப்பு அதுல இருக்கே சார். அதோட, பெரியவர் தெரியாம உள்ள திரும்பிட்டார்னு நெனைச்சேன். உதவி பண்ண வந்தவரை எப்படி மாட்டி விடறது?"

யாரும் தங்கையனைப் பார்க்கவில்லை. வீரம்மாள் மட்டும் பார்த்தாள்.

"அண்ணே."

"வீரா, அது வந்து, வெயில்ல கண்ணு..."

"உன் மவளுக்குச் சீருன்னு என்ன கேட்டாங்க?"

தங்கையன் மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டோரமா இடம் வேணும்னுதானே கேட்டாங்க," என்றாள் வீரம்மாள். குரல் ஏறவில்லை. "என்கிட்ட கேட்டா நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதனால மேப்பைக் கேட்டுட்ட. பழியைப் போட ஒரு பட்டினி கிடந்த புள்ள கிடைச்சான். நான் ஸ்டேஷனுக்குப் போறேன்னு குதிச்சப்பகூட உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கல நீ. சம்பந்தம் கெட்டுடக் கூடாதுன்னுதான் என்னை அடக்குறன்னு நெனைச்சேனே."

"சம்பந்தம் முறிஞ்சிடும் வீரா. பொண்ணு ஆசைப்பட்டுட்டா."

"அவ ஆசைக்கு என் பங்கை என்கிட்ட கேட்டிருக்கணும். நடந்துபோய் எடுக்கக் கூடாது."

தங்கையன் தென்னையடியில் உட்கார்ந்தார். அன்றைக்கு மதுசூதன் உட்கார்ந்திருந்த அதே இடமாக இருக்கலாம்.

வீரம்மாள் பிளாஸ்டிக் கவரிலிருந்து புகாரை எடுத்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிழிக்கவில்லை. "இது இருக்கட்டும், யாருக்காவது ஆகும்," என்றாள் அண்ணனைப் பார்க்காமல். பிறகு மதுசூதனிடம், "டிக் போட்டது உன் தப்பு. அதை உன் ஆபீசுல நீயே போய்ச் சொல்லு."

"சொல்றேன் மாமி. வேலை போகலாம்."

"போனா வா, இங்க மடை பார்க்கக் கத்துத் தரேன். இப்ப முதல்ல இந்தத் தோட்டத்தை ஒழுங்கா நட. காலையில சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"நான் கூட வரேன். கல்லு கல்லா காட்டுறேன்."

மதுசூதன் ரோட்டோரக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பட்டனை அழுத்தினான். அவன் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஜெபராஜுக்குத் தெரியும். அப்படியே திரும்பியது. வலப்பக்கமாக, வரும் தண்ணீருக்கு எதிராக. ஜெபராஜ் அமலராணியைப் பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. பூவன் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஃபீஸ் யாருகிட்ட வாங்கறது?"

"பேசாம வா. கல்லைப் பாரு."

தெற்குக் கரையில் கொஞ்ச தூரம் போனதும், முன்பே அடைத்திருந்த மூன்றாவது மடை உடைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மடைகளை எல்லாம் அடைத்துவிட்டதால் தண்ணீருக்குப் போக இடமில்லை. பொலபொலவென்று கரை கரைந்து பாதையில் வழிந்தது. தென்னையடியில் இருந்து தங்கையன் பாதி எழுந்துவிட்டார். உட்காரவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. கையில் மண்வெட்டி இருந்தது.

வீரம்மாள் திரும்பிப் போய் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். மண்ணை இழுத்துப் போட்டாள், மிதித்தாள், மறுபடி போட்டாள். மதுசூதன் ஹேண்ட்செட்டைக் கையை விட்டுக் கொடுக்காமல், அவளுக்குப் பக்கத்திலேயே சேற்றில் நின்று காத்திருந்தான்.

ஜெபராஜ் எட்டி அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். புது ஃபைலில், அந்த இடத்தில், புள்ளிகள் கொசு மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தன.